சிதம்பரம் போயிட்டு வரேன்

கடலூர் முதுநகர் ஸ்டாப்புல பஸ் வந்து நின்னு கண்டக்டர் "சிதம்பரம், சிதம்பரம்"னு கூவுனா இன்னிக்கும் எனக்குப் பயமா இருக்கும். வருஷக்கணக்கா தினம் ஏறி எறங்கற பஸ்ஸுதான். கடலூர்லேர்ந்து ஒன்னேகால் மணி நேரம், வழியில சிப்காட்டு, ஆலப்பாக்கம், முட்லூரு. சாமி இருக்கிற ஊருக்குப் போறதுக்கு யாராவது பயப்படுவாங்களான்னு கேட்பீங்க. ஊரைப் பத்தி பயம் இல்ல. அந்த ஊரு பேரைச் சொல்லித்தான் நான் பெத்த பொண்ணை அரை வருஷம் ஏமாத்துனேன். அந்தக் கதையை யாருகிட்டயும் முழுசா சொன்னதில்ல. வெளிநாட்டுல படிச்சவங்கன்னு என்னைக் கூட்டத்துல பேசக் கூப்புடறாங்க, பொன்னாடை போத்தறாங்க, நானும் படிப்பைப் பத்தியே பேசிட்டு எறங்கிடறேன்.

அப்போ நான் பிச்சாவரம் பக்கம் ஒரு சின்ன தொண்டு நிறுவனத்துல வேலை பார்த்தேன். கழிமுகத்துல கையால இறால் தடவிப் பிடிக்கிற பொம்பளைங்களுக்குக் குழு அமைச்சுத் தர்றது, சதுப்புல சுரபுன்னைக் கன்னு நடறது, மனு எழுதித் தர்றது, இதுதான் வேலை. காலையில ஏழரைக்கு முதுநகர்ல பஸ் ஏறி சிதம்பரம் போய், அங்கேர்ந்து கிள்ளை பஸ்ஸைப் பிடிக்கணும். சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுல இருப்பேன். பொண்ணுக்கு நாலு வயசு. பிச்சாவரம்னு சொன்னா அவ வாயில நுழையாது. அதனால தினமும் வாசல்ல நின்னு, "அம்மா சிதம்பரம் போயிட்டு வரேன்"னு சொல்லுவேன். அவளும் கையிலிருக்கிற பிஸ்கோத்தை விட்டுத் தலையைத் தூக்காமலே "ம்"னுவா. சிதம்பரம்னா சாயங்காலம் திரும்பி வந்துடற ஊரு. அவளுக்கு அவ்வளவுதான் கணக்கு.

வளரும் நாட்டுப் பொம்பளைங்களுக்குன்னு நார்வேயிலேர்ந்து ஒரு உதவித்தொகை இருக்குன்னு ஆபீசுல மேடம் சொன்னாங்க. கடற்கரை மேலாண்மையில ரெண்டு வருஷப் படிப்பு. படிச்சு முடிச்சதும் சொந்த ஊருக்கே திரும்பி வந்து வேலை பார்க்கணும், அது கட்டாயம். பாரத்துல ஒரு கேள்வி, திரும்பிப் போய் உன் ஊருக்கு என்ன செய்வாய்னு. எனக்கு அந்தக் கேள்வி சர்க்கரை. எழுத எழுத ரெண்டு பக்கம் பத்தல. இண்டர்வியூவுல வேற ஒன்னு கேட்டாங்க. ரொம்ப மரியாதையா, சிரிச்ச முகமாத்தான் கேட்டாங்க, குழந்தையை யாரு பார்த்துக்குவாங்கன்னு. எல்லாம் ஏற்பாடு ஆயிடுச்சுன்னு பட்டுனு சொல்லிட்டேன். ஒரு ஏற்பாடும் ஆகல. வீட்டுல வாயே தொறக்கல. பொய் அங்கதான் ஆரம்பிச்சுது, சிதம்பரத்துல இல்ல.

எனக்கு எடம் கெடைச்சுதுன்னு கடுதாசி வந்த அன்னிக்கு என் வீட்டுக்காரரு சிப்காட்டுல மொத ஷிஃப்ட்டு முடிச்சுட்டு வந்து சட்டையைக் கூடக் கழட்டாம அதைப் படிச்சாரு. அவரு அங்க ஒரு கம்பெனி லேப்ல வேலை. இங்கிலீஷ்ல இருந்ததை ரெண்டு தடவை படிச்சாரு. அப்பறம் "போ"ன்னாரு. அவ்வளவுதான். மூணு நாள் சண்டை போடறதுக்கு நான் தயார் பண்ணி வெச்சிருந்த பேச்செல்லாம் வீணாப் போச்சு. இன்னிக்கும் அதை நெனைச்சா அந்த மனுஷன் மேல மதிப்பும் வரும், கொஞ்சம் கோவமும் வரும். ரெண்டு வார்த்தை தடுத்திருந்தா நானும் குத்த உணர்ச்சி இல்லாம சண்டை போட்டுட்டுக் கெளம்பியிருப்பேன்.

அவரோட அக்கா, எங்க நாத்தனார், பக்கத்துத் தெருவுல தனியா இருந்தாங்க. புருஷன் போயிட்டாரு, புள்ளைங்க இல்ல. தையல் மெஷினை ஒரு ஷேர் ஆட்டோவுல ஏத்திக்கிட்டு, வீட்டைப் பூட்டிட்டு எங்க வீட்டுக்கே வந்துட்டாங்க. அண்ணி, உங்களுக்குத் தொந்தரவு இல்லையான்னு கேட்டேன். தொந்தரவுன்னா போகாம இருந்துடுவியான்னு திருப்பிக் கேட்டாங்க.

ஊருல ஆளாளுக்குப் பேசுனாங்க. பச்சப்புள்ளைய உட்டுட்டு அப்படி என்னா படிப்புன்னு என் காதுபடவே பேசுனாங்க. என் சித்தப்பா மகன் மாசமா இருந்த பொண்டாட்டியை விட்டுட்டு துபாய்க்குப் போனான், மூணு வருஷம் கழிச்சு வந்து புள்ளை மூஞ்சியைப் பார்த்தான். பாவம், குடும்பத்துக்காக ஒழைக்கிறான்னு அதே வாயிங்கதான் சொல்லிச்சு. ஒருத்திகிட்ட இதைக் கேட்டும் புட்டேன். "அது ஆம்பளை"ன்னா. அதுக்கு மேல அவகிட்ட என்ன பேசறது.

கெளம்பற அன்னிக்கு மத்தியானம் கார் வரணும். குழந்தைகிட்ட என்ன சொல்றதுன்னு ஒரு வாரமா பேச்சு. எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு, சின்னப் புள்ளைங்ககிட்ட தூரப் பயணம் சொல்லிக்கக் கூடாது. சொன்னா ஏங்கிப் போயிடும், ஏக்கத்துல காய்ச்சல் வந்துடும்பாங்க. தூங்கும்போது கெளம்பிடுன்னாங்க அண்ணி. என் வீட்டுக்காரரு சொல்லிடலாம்னாரு, ஆனா எப்படிச் சொல்றதுன்னு அவருக்கும் தெரியல. நார்வேன்னா என்னான்னு நாலு வயசுக்கு எப்படிப் புரிய வெக்கறது? அவ தூங்கல. கண்ணை முழிச்சுக்கிட்டு கட்டில் மேல உட்கார்ந்து பொம்மைக்குத் தலை வாரிக்கிட்டு இருந்தா. பெட்டியெல்லாம் முன்னாடியே காருல ஏத்தியாச்சு. நான் தினம் மாட்டற அதே ஜோல்னாப் பையை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னேன். வாய் தானா பழக்கத்துல சொல்லிடுச்சு, அம்மா சிதம்பரம் போயிட்டு வரேன்னு. அவ "ம்"ன்னா. பொம்மையை விட்டுத் தலையைத் தூக்கல.

அன்னிக்கு ஆறரைக்கு வாசல்ல போய் நின்னாளாம். ஏழு மணி, எட்டு மணி. அம்மா சிதம்பரத்துல காலேஜுல தங்கிப் படிக்கிறாங்க, அதான் வரலன்னு அண்ணி சொல்லிச் சோறு ஊட்டியிருக்காங்க. அதை எனக்கு மறுநாள் போன்ல சொன்னாங்க. நான் அப்பவே வேணாம்னு சொல்லியிருக்கணும். அப்படியே இருக்கட்டும் அண்ணின்னு நானேதான் சொன்னேன். நிம்மதியாக் கூட இருந்துச்சு எனக்கு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

ஒரு பொய்யை மறைக்க ஒம்பது பொய்யின்னு சும்மாவா சொன்னாங்க. நான் இருந்தது நார்வேயோட வடக்குக் கோடியில ஒரு ஊரு. நம்ம ஊருல ராத்திரி ஏழரைன்னா அங்க சாயங்காலம் நாலு. போய்ச் சேர்ந்த புதுசுல அந்த நேரத்துல வெயில் பளிச்சுனு அடிக்கும். வீடியோ கால்ல பொண்ணு மொத வாரமே கண்டுபிடிச்சுட்டா. இங்க இருட்டிடுச்சு, அங்க மட்டும் ஏன் இருட்டலன்னு கேட்டா. டியூப்லைட்டும்மான்னு சொல்லிட்டு அன்னிக்கே கடைக்குப் போய்க் கனமான திரைத் துணி வாங்கியாந்து ஜன்னல்ல மாட்டுனேன். குளிர் வந்தப்பறம் இன்னும் கூத்து. சிதம்பரத்துல யாராவது ஸ்வெட்டர் போடுவாங்களா? போன் பண்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி ரூம்ல ஹீட்டரை ஏத்தி வெச்சுட்டு, மூணு அடுக்கு துணியையும் கழட்டிட்டு, காட்டன் சுடிதாரை மாட்டிக்கிட்டு வெள்ளைச் சுவத்துக்கு முன்னாடி உட்காருவேன். கடலூர்ல மழைன்னா சிதம்பரத்துல மழையான்னு செல்போன்ல பார்த்து வெச்சுக்குவேன். மார்கழி தரிசனத்துக்குக் கூட்டம், பஸ் கிடைக்கல, அதான் இந்த வாரம் வர முடியலன்னு ஒரு தடவை சொன்னேன். அங்க உட்கார்ந்துக்கிட்டு நம்ம ஊரு பஞ்சாங்கம் வேற பார்த்தேன்.

என் பக்கத்து ரூம்ல தான்சானியாக்காரி ஒருத்தி. அதே உதவித்தொகையில வந்தவ, என் வயசு, மீன்வள ஆபீசுல வேலை. நான் ஸ்வெட்டரைக் கழட்டறதையும் மாட்டறதையும் பார்த்துட்டு எனக்கு நடிகைன்னு பேரு வெச்சா. எங்க சமையலறை ஃபிரிட்ஜு மேல ஒவ்வொருத்தி புள்ளை போட்டோவும் ஒட்டியிருக்கும். படிக்கிற எட்டுப் பொம்பளையில ஆறு பேருக்குப் புள்ளைங்க இருந்துச்சு. ஆளுக்கொரு கதை சொல்லிட்டு வந்திருந்தோம். தான்சானியாக்காரி மட்டும்தான் தன் பையன்கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லிட்டு, உலக மேப்பை வாங்கிச் சுவத்துல ஒட்டிக் காட்டிட்டு வந்தவ. எனக்கு அவ மேல பொறாமை. ஆனா அவ பையனும் போன்ல பேச மாட்டேன்னு அடம் பிடிச்சான். உண்மை சொன்னாலும் அழுவுதுங்க, நீ எதுக்கு உன்னையே திட்டிக்கிறன்னா. அது ஆறுதலா, இல்ல பயமுறுத்தறாளான்னு எனக்குப் புரியல.

உட்கார முடியாது என்னால. படிக்கிற எடத்துல எல்லாரும் நாலு மணி நேரம் அசையாம இருப்பாங்க, நான் குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திச் சுத்தி வருவேன். தண்ணி குடிக்கப் போவேன், மாடிப்படி ஏறி எறங்குவேன், செல்போனை எடுத்துப் பார்ப்பேன், வெப்பேன். படிப்பு மட்டும் புடிச்சிருந்துச்சு. அதையும் சொல்லணும். கடல் அலை எங்க மண்ணை அரிக்குது, எங்க கொண்டுபோய்ச் சேக்குதுன்னு கணக்குப் போடக் கத்துக்கிட்டேன். கிள்ளைப் பொம்பளைங்க கண்ணால பார்த்துச் சொன்னதுக்கெல்லாம் அங்க சூத்திரம் இருந்துச்சு. ஒரு நாள் வகுப்புல அந்தப் பொம்பளைங்க சொன்ன ஒன்னை எடுத்து விட்டேன், வாத்தியார் எழுந்து வந்து போர்டுல எழுதச் சொன்னாரு. அன்னிக்கு ரூமுக்கு வந்து சந்தோஷத்துல சிரிச்சேன். அடுத்த நிமிஷம் போன் பண்ற நேரம், ஸ்வெட்டரைக் கழட்டணும்.

நாளாக நாளாக பொண்ணு கேள்வி மாறிப்போச்சு. மூணாவது வீட்டு டீச்சர் தினமும் சிதம்பரம் போய் வேலை பார்த்துட்டு சாயங்காலம் வந்துடறாங்க. அவுங்க தினம் வர்றாங்களே, நீ ஏன் வரலன்னா. ஞாயித்துக்கிழமை காலேஜ் லீவுதானேன்னா. பக்கத்துல இருக்கிற ஊரைச் சொன்னா ஏக்கம் கம்மியா இருக்கும்னு நாங்க நெனைச்சோம். எங்க மூளைக்கு அவ்வளவுதான் எட்டுச்சு. தூரத்துல இருக்கிற அம்மாவால வர முடியல. பக்கத்துல இருக்கிற அம்மாவுக்கு வர மனசில்ல. நாலரை வயசுல அவ அப்படித்தான் எடுத்துக்கிட்டா. மார்கழி பாதியிலேர்ந்தே போனை நீட்டுனா முகத்தைத் திருப்பிக்கிட்டா.

தை பொறந்ததும் சிதம்பரம் மேலவீதியில என் வீட்டுக்காரரோட சொந்தத்துல ஒரு கல்யாணம். அவரும் அண்ணியும் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. கூட்டிக்கிட்டுப் போறது எந்த ஊருக்குன்னு ரெண்டு பேருக்கும் ஒறைக்கல. எனக்கும்தான், நானும் போன்ல கேட்டுட்டு நல்லா பட்டுப்பாவாடை கட்டி விடுங்க அண்ணின்னேன். அவளுக்கு மட்டும் ஒறைச்சிருக்கு. பஸ்ஸுல வழி பூரா வாயே தொறக்காம ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாளாம்.

அங்க காலையில ஆறரை மணி. என் வீட்டுக்காரரு போன். அந்த நேரத்துல அவரு கூப்புட மாட்டாரு. பாப்பாவைக் காணும்னாரு. தாலி கட்டி முடிச்சு பந்திக்குப் போற கூட்டத்துல கையை விட்டிருக்கா. அஞ்சு நிமிஷம்தான் ஆவுது, தேடிக்கிட்டிருக்கோம்னாரு, ஆனா குரல் அஞ்சு நிமிஷக் குரல் இல்ல. நான் என்ன பண்றது? கதவைத் தொறந்து வெளிய ஓடுனேன். எங்க ஓடறது? பனி முழங்கால் வரைக்கும் கெடக்கு, செருப்பு கூடப் போடல. தான்சானியாக்காரி பின்னாடியே ஓடியாந்து என்னை இழுத்து உள்ள கொண்டுபோய் நடையில உட்கார வெச்சு, என் ரெண்டு பாதத்தையும் எடுத்து அவ மடியில வெச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருந்தா. ஒன்னரை மணி நேரம். செத்துட்டேன் நான். ஒரு சாமி பேரு கூட வாயில வரல. நான் சொன்ன பொய்தான் அவளைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிருக்குன்னு மட்டும் தெரிஞ்சுது.

அவ எங்கேயும் தொலைஞ்சு போகல. என்னைத் தேடித்தான் போயிருக்கா. மண்டபத்துலேர்ந்து அடுத்த தெருவுல ஒரு ஜெராக்ஸ் கடை, காலேஜ் பொண்ணுங்க புராஜக்ட்டை பைண்டிங் போட நின்னுக்கிட்டு இருந்திருக்காங்க. காலேஜ் பொண்ணுங்க இருக்கிற எடத்துல அம்மா இருப்பாங்கன்னு உள்ள போயிட்டா. அம்மா பேரைச் சொல்லியிருக்கா. எந்த டிபார்ட்மெண்ட்டு பாப்பான்னு கேட்டதுக்கு, கடல்னு சொல்லியிருக்கா. அந்தப் பொண்ணுங்க நல்ல பொண்ணுங்க. ஸ்டூல்ல உட்கார வெச்சு, பால் வாங்கிக் குடுத்து, அவுங்க அவுங்க கிளாஸ் குரூப்புல என் பேரைப் போட்டு யாருக்காவது தெரியுமான்னு கேட்டிருக்காங்க. ஒருத்தி மட்டும், கடல் படிப்பு சொல்லிக் குடுக்கிற எடம் பரங்கிப்பேட்டையில, உங்கம்மா அங்க இருப்பாங்க பாப்பா, இங்க இருக்க மாட்டாங்கன்னு சொல்லியிருக்கா. தெருத் தெருவாத் தேடி என் வீட்டுக்காரரு போய் நின்னப்ப பாப்பா அழல. ஸ்டூல்லேர்ந்து குதிச்சு ஓடியாந்து, "அப்பா, அம்மா பரங்கிப்பேட்டையில இருக்காங்களாம், வா போவலாம்"ன்னா. அந்தாளு நடுத்தெருவுல உட்கார்ந்து அழுதிருக்காரு. கல்யாணமான இத்தினி வருஷத்துல அவரு அழுது நான் பார்த்ததில்ல, அன்னிக்கும் பார்க்கல, அண்ணி சொல்லித்தான் தெரியும்.

போனை அவகிட்டக் குடுத்தாரு. ரொம்ப நாளைக்கப்பறம் என்கிட்ட பேசுனா.

"நான் சிதம்பரம் வந்தேன். நீ இல்ல."

அன்னிக்கே படிப்பை விட்டுடறேன்னு கடுதாசி எழுதி எடுத்துக்கிட்டு உதவித்தொகையைப் பார்த்துக்கிற அதிகாரியம்மாகிட்டப் போனேன். அவுங்க நல்ல மாதிரி. படிச்சுட்டு, ரெண்டு நாள் வெச்சிருந்து அப்பறம் குடு, அப்பவும் இதே எண்ணம்னா நான் தடுக்க மாட்டேன்னாங்க. காரணம்னு இருந்த எடத்துல குடும்பச் சூழ்நிலைன்னு எழுதியிருந்தேன். நான் செஞ்ச காரியத்துக்கு நல்ல பேரு.

வீட்டுக்குப் போன் பண்ணி வந்துடறேன்னு சொன்னேன். என் வீட்டுக்காரரு சொன்னாரு, "இப்ப நீ வந்தா சிதம்பரத்துலேர்ந்து வந்த மாதிரிதான் ஆவும். மொதல்ல அவகிட்ட உண்மையைச் சொல்லு. அதுக்கப்பறம் வர்றதா வேணாமான்னு பாரு." எனக்குச் சுருக்குன்னுது. ஓடிப் போய்ப் பொய்யை மூடிடலாம்னுதான் நான் கெளம்புனேன், அந்தாளு அதைக் கண்டுபிடிச்சுட்டாரு.

ஞாயித்துக்கிழமை, அங்க நடு மத்தியானம். அந்த மாசத்துல அவ்வளவு வடக்குல சூரியன் மேல வராது, கொஞ்ச நேரம் நீலமா ஒரு வெளிச்சம் மட்டும் வந்துட்டுப் போயிடும். ஸ்வெட்டரைக் கழட்டல. தொப்பி, மப்ளர் எல்லாத்தோடயும் உட்கார்ந்து போன் போட்டேன். அண்ணி அவளை மடியில வெச்சுக்கிட்டிருந்தாங்க. அம்மா சிதம்பரத்துல இல்ல, ரொம்ப தூரத்துல ஏரோப்ளேன்ல போற ஊருல இருக்கேன், நான்தான் பொய் சொன்னேன்னு சொன்னேன். திரையை விலக்கி, போனைத் திருப்பி, பனி, பனிக்குள்ள முங்கிக் கெடக்கிற சைக்கிள், தூரத்துல கடல், எல்லாத்தையும் காட்டுனேன். ஆச்சரியப்படுவான்னு நெனைச்சேன், மடச்சி. ரொம்ப நேரம் உத்துப் பார்த்தா. அப்பறம், "ஜன்னல்ல படம் ஒட்டி வெச்சிருக்க"ன்னா. போனை அத்தைகிட்டக் குடுத்துட்டு எறங்கிப் போயிட்டா.

அதைவிடப் பெரிய அடி எனக்கு விழுந்ததில்ல. போன்ல கூப்பிட்டு இனி என்ன சொன்னாலும் ஜன்னல்ல ஒட்டுன படம்தான். அப்ப ஓடிப் போய் என்ன பண்றது? பாதியில போனா அதுக்கும் ஒரு கதை சொல்லணும். முடிச்சுட்டு, சொன்ன மாசத்துல, சொன்ன நாள்ல போய் நின்னாத்தான் என் வார்த்தைக்கு ஒரு காசு மதிப்பு வரும்னு தோணுச்சு. கடுதாசியை மறுபடி கொண்டுபோய்க் குடுக்கல. நான் தங்குனதுக்கு இது ஒன்னுதான் காரணமான்னு கேட்டா, இல்ல. படிக்கவும் ஆசை. ரெண்டையும் பிரிச்சு எடுக்க எனக்கு அன்னிக்கும் தெரியல, இன்னிக்கும் தெரியல.

மிச்ச ஒன்னரை வருஷம் தினமும் போன் பண்ணேன். அவ வந்தாலும் வராட்டியும் அண்ணி ஸ்பீக்கர்ல போட்டு அடுப்பு மேடையில வெச்சுடுவாங்க, இன்னிக்கு என்ன சாப்பிட்டேன், எந்தப் பாடம், எப்போ திரும்புவேன்னு நான் சுவத்தோட பேசுற மாதிரி பேசுவேன். நடுவுல ஒரு கோடையில ஒரு மாசம் ஊருக்கு வந்துட்டுப் போக வழி இருந்துச்சு. படிப்புக்காகக் கப்பல்ல போய்க் கடலடி மண்ணு எடுக்கிற வேலை இருந்துச்சு, அதைச் சாக்கா வெச்சுக்கிட்டு வரல. கேட்டிருந்தா விட்டிருப்பாங்க. வந்தா திரும்பிப் போக முடியாதுன்னு பயம். இதையும் யாருகிட்டயும் சொன்னதில்ல.

சொன்ன நாள்லதான் வந்தேன். வாசல்ல பொண்ணு அத்தை முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, ஆறு வயசு, முன்பல்லு ரெண்டு இல்ல. ஓடி வரல. வாங்கன்னா. வாங்கன்னு சொன்னா என்னை, விருந்தாளியைச் சொல்ற மாதிரி. அண்ணிதான் அவ முதுகுல ஒன்னு வெச்சு, அம்மாடி உங்கம்மான்னு தள்ளி விட்டாங்க.

உதவித்தொகை நிபந்தனைப்படி நான் பழைய வேலைக்கே போகணும். அதாவது, தினம் காலையில சிதம்பரம் பஸ் ஏறணும். எனக்கு வந்த வேதனையைப் பாருங்க. மொத நாள் பையை மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறேன், அந்த வார்த்தை வாயில வரவே இல்ல. வேலைக்குப் போறேன், ஆறரைக்கு வருவேன்னு மட்டும் சொன்னேன். எந்த ஊருக்குன்னா. சொல்லித்தான ஆகணும், சொன்னேன். அன்னிக்கு சாயங்காலம் ஆறு இருபதுக்கே ஓடியாந்துட்டேன். அவ கையை நீட்டுனா. டிக்கெட்டைக் காட்டுன்னா.

அப்பத்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுற வயசு. பஸ் டிக்கெட்டுல இருக்கிற ஊரு பேரை விரலை வெச்சு எழுத்து எழுத்தா படிச்சா. தினமும் அதே சோதனை. கூட்டத்துல டிக்கெட்டைத் தொலைச்சுட்டா எனக்கு உயிரே போயிடும். ஒரு தடவை தொலைஞ்சே போச்சு. கண்டக்டர்கிட்ட இன்னொன்னு கிழிச்சுக் குடுங்கன்னு கெஞ்சுனேன், அவரு என்னை ஒரு மாதிரி பார்த்தாரு. அன்னிக்கு ராத்திரிச் சோறு அவ என் கையால சாப்பிடல. ரெண்டு வருஷம் நடந்துச்சு இது. மூணாவது வருஷம் எப்பவோ கேட்கறதை நிறுத்திட்டா. நம்பிக்கை வந்து நிறுத்துனாளா, சலிச்சுப் போய் நிறுத்துனாளான்னு தெரியல. கேட்கவும் எனக்குத் தைரியம் இல்ல. நான் பாட்டுக்கு டிக்கெட்டைப் பையில பத்திரமா வெச்சுக்கிட்டே இருந்தேன்.

இப்ப அவளுக்குப் பதினாலு முடிஞ்சுது. போன மாசம் ஒரு சாயங்காலம் டியூஷன் சார் போன் பண்ணி, உங்க பொண்ணு இன்னிக்கு வரலையே, உடம்பு சரியில்லையான்னாரு. டியூஷன்னு சொல்லிட்டுத்தான் கெளம்புனா. எனக்கு மறுபடியும் நடையில உட்கார்ந்த அந்த ஒன்னரை மணி நேரம் வந்துடுச்சு. நாலு பேருக்குப் போன் பண்ணேன், வண்டியை எடுத்துக்கிட்டு ரெண்டு தெரு சுத்துனேன். ஏழு மணிக்கு சாவகாசமா வந்தா. காலெல்லாம் மணல். கூட்டாளிங்களோட நம்ம ஊரு சில்வர் பீச்சுக்குப் போயிருக்கா. என்னா தைரியம் இருந்தா என்கிட்டயே பொய் சொல்லிட்டுப் போவன்னு கத்துனேன். அண்ணி அடுப்படியிலேர்ந்து விடு விடுன்னாங்க. நான் விடல. பெத்தவகிட்ட பொய் சொல்ற வாயி வெளங்குமான்னு வரைக்கும் போயிட்டேன்.

அவ திருப்பிக் கத்தல. துப்பட்டாவை மடிச்சு நாற்காலியில போட்டா.

"நான் கடலூர்லதாம்மா இருந்தேன்."

அண்ணி கரண்டியைக் கீழ வெச்ச சத்தம் கேட்டுச்சு. நான் அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். அவளும் எதிர்ல உட்கார்ந்தா. இத்தினி வருஷத்துல நான் அவகிட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதே இல்ல. சாமான் வாங்கிக் குடுத்தேன், டிக்கெட்டைக் காட்டுனேன், சொன்ன நேரத்துக்கு ஓடியாந்தேன். வாயால சொன்னதில்ல. மன்னிச்சுடும்மான்னேன். என் குரல் எனக்கே யாரோ மாதிரி கேட்டுச்சு.

"எதுக்கு? போனதுக்கா, சொல்லாததுக்கா?"

சட்டுன்னு ரெண்டுக்கும்னு சொல்ல வாய் வந்துடுச்சு. அப்படிச் சொன்னா அவ மனசு கொஞ்சம் குளிரும், எனக்கும் லேசா இருக்கும். ஆனா அவ கண்ணு என் மூஞ்சியை விட்டு நகரல, அன்னிக்கு ஜன்னலை உத்துப் பார்த்த அதே மாதிரி.

"சொல்லாததுக்கு."

"போனதுக்கு இல்ல?"

"இல்ல. அதுக்கு மன்னிப்பு கேட்க மாட்டேன்."

அவ "சரி"ன்னா. எழுந்து போய்க் காலுல இருந்த மணலைக் கழுவிக்கிட்டு வந்து, ரெண்டு தட்டு எடுத்துப் போட்டா, ஒன்னு அவளுக்கு, ஒன்னு எனக்கு.